12-ஆம் தேதிக்குள் ஒரு டெயில்விப்

பிப்ரவரி 24

ஆபரேஷனுக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். மார்ச் 12. அப்புறம் ஆறு மாதம் வண்டியைத் தொடக் கூடாதாம். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார், என் மனசு மட்டும் டெயில்விப் என்ற வித்தையில் போய் நின்றுகொண்டது. இத்தனை வருஷமாக ட்ரையல்ஸ் சைக்கிள் ஓட்டுகிறேன், பாறை மேலெல்லாம் கால் ஊன்றாமல் ஏறி இறங்குகிற போட்டிக்கான சீட் இல்லாத வண்டி, ஒருமுறைகூட முயற்சி செய்து பார்க்காதது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 25

ராத்திரி முழுக்க வண்டியோடுதான் உட்கார்ந்திருந்தேன். டெயில்விப் என்றால் ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் நானும் இருந்த இடத்தில் இருக்க, ஃபிரேம் மட்டும் 360 டிகிரி சுற்றி வந்து திரும்பக் காலுக்கடியில் சேர வேண்டும், சொல்லும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது. பிஎம்எக்ஸ் என்கிற சின்னச் சக்கர வித்தை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கென்றே கைரோ என்று ஒரு கருவி இருக்கிறது, பிரேக் கேபிள் முறுக்கிக்கொள்ளாது. என் வண்டியில் முன்னும் பின்னும் மகுரா எச்எஸ்33 பிரேக், கேபிளுக்குப் பதில் எண்ணெய் ஓடும் ஹோஸ். ஃபிரேம் ஒரு சுற்று சுற்றினால் பின் பிரேக்கின் ஹோஸும் ஹெட் டியூபை, அதாவது ஃபிரேமின் முன்முனைக் குழாயை, ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். இப்போதிருக்கும் நீளத்துக்கு அரைச் சுற்றிலேயே இறுகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் முன்னால். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கையால் மெதுவாகப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். டயருக்கும் ஃபிரேமின் கீழ்க்குழாயான டவுன் டியூபுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது. ஆனால் பிரேக் பூஸ்டர் இடிக்கிறது. ஃபோர்க்கின் முன்பக்கம் லாடம் மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தத் தகடு, ஃபோர்க் திரும்பியதும் நேராக டவுன் டியூபில் போய் மோதி, பெயின்டில் நகக்குறி போல ஒரு கீறல் போட்டுவிட்டது. கழற்றினேன். கழற்றினால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கின் இரண்டு காலும் வெளிப்பக்கம் விரிகிறது, லீவர் பஞ்சு மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. காற்றில் இருக்கும்போது முன் பிரேக் எதற்கு?

பிப்ரவரி 26

அம்மா கேட்டாள்: "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டியா?"

போடவில்லை.

பிப்ரவரி 27

ஹோஸ் மாற்றியாகிவிட்டது. பின் பிரேக்குக்கு ஒரு சுற்று தாராளமாகப் போகிற நீளம். முன் பிரேக்கின் ஹோஸை ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஏறும் ஸ்டீயரர் குழாய்க்குள் மேலிருந்து விட்டு, கீழே ஃபோர்க் வழியாக வெளியே எடுத்தேன். அதற்காக ஹோஸைக் கழற்றி, மறுபடி இரண்டு பிரேக்குக்கும் ஊசிக்குழலால் எண்ணெய் ஏற்றி, காற்றுக்குமிழி போகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்து மணி இரண்டு. கடைசிக் குமிழி வரவே மாட்டேன் என்றது. லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழாயை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தேன். கடுகு அளவில் ஒன்று மெல்ல ஏறி வந்து மேலே உடைந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 28

நின்ற இடத்தில் பயிற்சி. இரண்டு காலும் தரையில், வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முன் பிரேக்கைப் பிடித்து, பின்பக்கத்தைத் தூக்கி ஃபிரேமை அந்தப் பக்கமாக வீச வேண்டும். அது முன்னால் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வரும்போது குதித்துத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். பூஸ்டர் இல்லாததால் முன்சக்கரம் கொஞ்சம் நழுவுகிறது. நாற்பது முறை வீசினேன். முதல் இருபதில் ஃபிரேம் முக்கால் வட்டத்தோடு நின்றுபோனது. கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதாது, ஹேண்டில்பாரையும் சிறு வட்டமாக இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும் என்று புரிந்த பிறகு பதினொன்று முழுசாக வந்தது.

சீட் இல்லாதது இதற்கு மட்டும் வரம். தொடையில் இடிக்க எதுவும் இல்லை.

மார்ச் 1

உருட்டிக்கொண்டு போய் ஹாப் செய்து, அதாவது வண்டியோடு துள்ளி, ஃபிரேமை உதைக்கப் பார்த்தேன். கால் பெடலை விட்டு வரவில்லை. அறுபது தடவை ஹாப், அறுபது தடவையும் இரண்டு காலும் பெடலில் இருந்தபடியே இறங்கினேன். உதைக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், கால் உதைக்கவில்லை.

மார்ச் 2

இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பழகிய ட்ரையல்ஸில் கால் தரையில் பட்டால் ஒரு தண்டப்புள்ளி, போட்டிப் பாதையின் ஒரு பகுதியில், அதாவது ஒரு செக்‌ஷனில் ஐந்து வரை. பாறை மேல் ஒற்றைச் சக்கரத்தில் நின்று நடுங்கினாலும் கால் பெடலிலேயே இருக்க வேண்டும், விழுவது உறுதியானாலும் கடைசி நொடிவரை விடக் கூடாது. பத்து வருஷம் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான். இப்போது அதே உடம்பிடம் போய், இரண்டு காலையும் எடு, வண்டி போகட்டும், அது திரும்பி வரும், நம்பு என்கிறேன். எந்த முகத்தோடு கேட்பது? எனக்கே நம்பிக்கை இருக்கிறதா? பெடலில் துருத்தி நிற்கும் கூரான பின்களுக்குப் பயந்து கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நேற்றுவரை நினைத்தேன். பின்களைப் பற்றிய பயம் இல்லை இது. முழங்காலுக்குக் கீழே எத்தனை தழும்பு இருக்கிறது, பின்களுக்கு நான் பயந்ததே இல்லை. விட்ட பிறகு, திரும்பி வருகிற அந்த அரை நொடி என் கையில் இல்லை. அதுதான்.

அந்த ஃபைல் மேஜையில் அப்படியே இருக்கிறது.

மார்ச் 3

மழை.

மார்ச் 4

பின்வீட்டுப் பையன் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, ஏன் ஒவ்வொரு தடவையும் கீழ பாக்கிறீங்க?" என்றான். நான் தரையைப் பார்க்கிறேன், அவன் சொல்லித்தான் தெரிந்தது. ஃபிரேமைப் பார்க்க வேண்டும். சுற்றி வருகிற பெடலைக் கண்ணால் பிடித்தால்தான் காலால் பிடிக்க முடியும்.

அவனை எண்ணச் சொன்னேன். 34-ஆவது முயற்சியில் கால் விட்டது! இரண்டு காலும். ஃபிரேம் கால்வாசி போய் விழுந்தது, நான் ஓடி நின்றேன். வண்டி தனியாகக் கிடந்தது, நான் தனியாக நின்றேன், பையன் கைதட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 5

கால்வாசி, கால்வாசி, அரை, கால்வாசி, அரை. கெண்டைச்சதையில் ஃபிரேமின் மேல்குழாய் அடித்த இடம் நீலம் பாரித்திருக்கிறது.

மார்ச் 6

தெரு ட்ரையல்ஸில் பேர்போன டேனி மக்காஸ்கில் ஓட்டுகிற மாதிரி 24 அங்குல வண்டி என்றால் கொஞ்சம் சுலபமாக இருக்குமோ என்று யோசித்தேன். அதெல்லாம் தெருவில் ஓட்டவென்று வடிவமைத்தது, சீட்கூட உண்டு. என்னுடையது போட்டிக்கான வண்டி, பெடல் தண்டுகள் சுழலும் பாட்டம் பிராக்கெட் சக்கர அச்சுகளைவிட உயரத்தில் இருக்கிறது. அதாவது பெடலும் உயரத்தில் இருக்கிறது, ஃபிரேம் கீழே போக வேண்டுமென்றால் முழங்காலை நெஞ்சுவரை மடக்க வேண்டும். பின்னால் 19 அங்குல ரிம், அதில் 2.5 அங்குல டயர், முன்னால் இருக்கும் 2 அங்குல டயரைவிடக் கனம். அந்தக் கனத்தைக் குறை என்றே இதுவரை நினைத்தேன். இன்று தோன்றியது, கனம் கிளம்பத்தான் அடம்பிடிக்கும், கிளம்பிவிட்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஆக, உதை மெதுவாக, நீளமாக இருக்க வேண்டும். வெடுக்கென்று உதைத்தால் வண்டி சாய்கிறது, சுற்றுவதில்லை.

முழங்கால் உயரத்திட்டு ஒன்றிலிருந்து இறங்கிக்கொண்டே செய்தால் காற்றில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது. முக்கால்வாசி வந்தது. இரண்டு தடவை.

மார்ச் 7

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

மார்ச் 8

ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் சும்மா சுற்றும் பல்சக்கரமான ஃப்ரீவீல், என் வண்டியில் கிராங்கில், அதாவது பெடல் தண்டில், இருப்பதால் கால் எடுத்ததும் கிராங்க் பின்பக்கம் நழுவுகிறது. ஃபிரேம் முழுசாக வந்து சேர்கிறது, பெடல் மட்டும் நான் விட்ட இடத்தில் இல்லை. அப்படியே போய்த் தாடையில் வாங்கிக்கொண்டேன். உதைத்த கால் கடைசியாகப் பிரியும்போது பெடலைக் கீழே மிதிக்கவும் கூடாது, மேலே இழுக்கவும் கூடாது, பக்கவாட்டில் மட்டும் தள்ளிவிட்டு வர வேண்டும். ஒரு ரப்பர் வளையத்தைக் கிராங்குக்கும் ஃபிரேமுக்கும் மாட்டிப் பார்த்தேன், அறுந்துவிட்டது. காலுக்குத்தான் சொல்லித்தர வேண்டும்.

தாடை வீங்கியிருக்கிறது. 12-ஆம் தேதிக்குள் வற்ற வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி கேட்பார்கள்.

மார்ச் 9

முன்கால் பெடலில் விழுந்தது!

முன்கால் மட்டும். பின்கால் தரையில். எண்ணிக்கையில் 212-ஆவது என்று பையன் சொன்னான், அவன் நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறான். அந்தச் சத்தத்தை இப்போதும் கேட்க முடிகிறது. பெடல் செருப்பில் பட்ட சத்தம் இல்லை, அதற்கு முன்னால் ஃப்ரீவீல் 'டிக்' என்று ஒரே ஒரு பல் ஏறிய சத்தம். 72 இடத்தில் பிடிக்கிற ஃப்ரீவீலில் ஒரே ஒரு டிக், வண்டி வந்துவிட்டது என்று சொன்னது போல.

அதற்குப் பிறகு இருபது தடவை எதுவும் வரவில்லை. ஹோஸ் வேறு இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்க்க மறந்துபோகிறேன்.

மார்ச் 10

தூக்கமே வரவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

மார்ச் 11

மழை இல்லை. இன்று இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூட.

காலையில் எழுந்ததும் ஒன்று தோன்றியது. டெயில்விப் முடிந்த பிறகு ஹோஸை அவிழ்ப்பதற்குப் பதிலாக, கிளம்பும்போதே எதிர்ப்பக்கம் ஒரு சுற்று சுற்றி வைத்துவிட்டால், ஃபிரேம் சுற்றி வரும்போது அது தானே அவிழும். இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே வரும். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? சுற்றி வைத்துப் பார்த்தேன், ஹெட் டியூபைக் கட்டிக்கொண்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கிறது. திட்டில் ஈரம் காய்ந்துவிட்டது. பையன் நோட்டோடு வெளியே நிற்கிறான், "அண்ணா, 233-லருந்துதானே?" என்று கேட்கிறான்.

ஆமாம். போகிறேன்.