காசாளர் பிள்ளையும் நத்தார் வாழ்த்தும்

"நத்தார் வாழ்த்துகள் அம்மா" எண்டு யாழ்ப்பாணத்துக் கடையொண்டில காசாளர் பிள்ளை சொன்னதுதான். எனக்கு முன்னால நிண்டவ சுருக்கெண்டு கேட்டா, "நாங்கள் சைவம். எங்களுக்கேன் அதைச் சொல்லுறீர்?"

பிள்ளையின்ர நெத்தியிலயும் திருநீறு. அதுக்கு மேல கடை குடுத்த சிவப்புத் தொப்பி. தொப்பி வழுகி வழுகித் திருநீற்றை அரைவாசி அழிச்சுப்போட்டுது.

எனக்கு அவள் ஒண்டும் சொல்லேல்லை. பில்லை மட்டும் நீட்டினாள்.

அமெரிக்காவில இது ஒவ்வொரு மார்கழியும் நடக்கிற சண்டை. "மெரி கிறிஸ்மஸ்" எண்டால் ஒரு பகுதிக்குக் கோபம், எந்தப் பண்டிகையெண்டு சொல்லாமல் "ஹப்பி ஹொலிடேஸ்" எண்டால் மற்றப் பகுதிக்கு. ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு வாங்கிறது கடையில நிக்கிற பிள்ளையள்தான்.

பொதுவா ஒரு வாழ்த்தைச் சொல்லிச் சமாளிக்கலாம் எண்டுவினம். எனக்கு அதில விருப்பமில்லை. பண்டிகையின்ர பேரைச் சொல்லி வாழ்த்துறதுதான் நல்லது.

யாழ்ப்பாணம் 1990 ஒக்ரோபரில புலிகள் முஸ்லிம் சனத்தை வெளியேற்றின ஊர். திரும்பி வந்து சோனகதெருவில இருக்கிற ஒருத்தருக்கு, ஒரு தமிழ்ப்பிள்ளை கடையில வைச்சுப் பேர் சொல்லிப் பெருநாள் வாழ்த்துச் சொன்னால் அது சின்ன விசயமே? தைப்பொங்கலுக்கு எங்கட தேவாலயங்களிலயும் பொங்குகினம் தானே.

ஆனால் அது அந்தப் பிள்ளையின்ர மனதில இருந்து வரவேணும்.

முதலாளிமாரே, வாழ்த்தையும் தொப்பியையும் கட்டாயமாக்காதேங்கோ. விருப்பமில்லாத பிள்ளை "போட்டு வாங்கோ" எண்டு சொன்னால் காணும். வாங்க வாற நாங்களும், ஆர் எந்தப் பண்டிகைக்கு வாழ்த்தினாலும் "நன்றி பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு வருவம்.