சுரங்கத்து டயரை யார் எடுப்பார்?

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பல வருடமாகக் குவிந்து கிடந்த டம்பர் (கல் ஏற்றும் ராட்சத லாரி), லோடர் (கல்லை அள்ளிப் போடும் வண்டி) டயர்களைப் போன வருடம்தான் ஒருவழியாக வெளியே அனுப்பினோம். இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

எங்களை அவசரப்படுத்தியது கொசு. ஐப்பசி மழைக்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் வந்தார். எந்த டயரை எட்டிப் பார்த்தாலும் தண்ணீர், அதில் நெளியும் புழு. அபராதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரி டயர் என்றால் கவலையே இல்லை, பழைய டயர் வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போவார். 60 டன் டம்பரின் 24.00-35 அளவு டயர் அப்படியில்லை. நிறுத்தி வைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், எடை அரை டன்னைத் தாண்டும். கூரான கல் பக்கவாட்டைக் கிழித்துவிடுவதால் ரீட்ரேடிங்குக்கு, அதாவது மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவதற்கு, தேறுவதும் கொஞ்சம்தான். தேறியதைத் தனியே அனுப்பினோம்.

மீதியைக் கேட்டு முதலில் வந்தவர் ரொக்கம் தருகிறேன், பில் வேண்டாம் என்றார். எங்கே கொண்டுபோவீர்கள் என்றால், “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்.” ஏதாவது சூளையில் எரிக்கத்தான் என்பது என் ஊகம். 2022 ஜூலையில் வந்த விதித் திருத்தப்படி, கழிவு டயரை மறுசுழற்சி செய்கிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் போர்ட்டலில் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் விலை பேசுவதற்கு முன்பே அந்தப் பதிவுச் சான்றையும் ஆலை நடத்த மாநில வாரியம் தரும் அனுமதியான இசைவாணையையும் கேட்க ஆரம்பித்தேன். பலர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

இன்னொரு விஷயம் பேரத்துக்கு உதவியது. அதே விதிப்படி டயர் கம்பெனிகள் தங்கள் உற்பத்திக்கு ஏற்ப, மறுசுழற்சி செய்கிறவர்களிடமிருந்து சான்றிதழ் வாங்கியாக வேண்டும். 2024-25க்கான இலக்கு, 2022-23இல் தயாரித்ததில் 100 சதவீதம். ஆக, நம் டயரை எடுப்பவருக்கு ரப்பர் துகள் விற்ற காசு ஒன்று, சான்றிதழ் விற்ற காசு இன்னொன்று. இது தெரிந்த பிறகு, “வண்டி வாடகை நீங்கதான் தரணும்” என்றவரிடம் துணிந்து முடியாது என்றேன். அவரே கடைசியில் எடுத்தார்.

ஆனால் டயரைத் துண்டாக்கும் அவருடைய ஷ்ரெடர் மெஷினுக்குள் இந்த டயர் முழுசாக நுழையாது. பீட், அதாவது டயரின் உள் விளிம்பில் இருக்கும் கம்பிக் கட்டு, அவ்வளவு தடிமன். ஹைட்ராலிக் கட்டரை எங்கள் யார்டுக்கே கொண்டுவந்தார். எங்கள் ஒர்க்‌ஷாப் பையன்கள் ஆர்வமாக கேஸ் கட்டரோடு வந்தார்கள், திருப்பி அனுப்பினேன். டயரில் பிடித்த தீயை அணைப்பது லேசில்லை. பக்கச் சுவரை வட்டமாக அறுத்து, பீட்டை உருவி, மிச்சத்தைத் துண்டு போட்டபின்தான் லாரி நிறைந்தது. முழு டயராக ஏற்றினால் காற்றுக்கு வாடகை கொடுக்கிற மாதிரி.

அப்புறம் எடை மேடைத் தகராறு. டயருக்குள் இறுகிப்போன சேற்றுக்கும் டயரின் மேல்பக்கப் பட்டன் இடுக்கில் சிக்கிய கல்லுக்கும் சேர்த்து எடையில் இத்தனை சதவீதம் என்று கழிக்க வேண்டும் என்றார். எடையில் எதையும் கழிக்கக் கூடாது, சுத்தம் செய்து தருகிறோம், கூலி எங்களுடையது என்று முடித்தோம். கணக்குப் போட்டால் அதுவே எங்களுக்கு லாபம். ஒவ்வொரு லோடுக்கும் எடைச் சீட்டு, இன்வாய்ஸ், ஈ-வே பில், ஆலையில் இறக்கியதற்கான ரசீது, எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறது. வாரியத்திலிருந்து யாராவது வந்தால் அதைத்தான் காட்டுவேன்.

கன்வேயர் பெல்ட் தனிக் கதை. துணி பெல்ட்டுக்கு ஊரிலேயே கிராக்கி: மாட்டுக் கொட்டகைக்கு விரிக்க, லாரிக்கு மட்கார்டு தொங்கவிட. உள்ளே இரும்புக் கம்பி ஓடும் ஸ்டீல் கார்டு பெல்ட்டை ஒருவரும் சீண்டவில்லை. சிமெண்ட் ஆலையின் கில்ன் என்ற சூளையில் நிலக்கரியோடு டயர்த் துண்டையும் எரிப்பார்கள், உள்ளே இருக்கும் கம்பிகூட இரும்பாகக் கிளிங்கரில் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) சேர்ந்துவிடும். பெல்ட்டையும் அந்த அளவுக்கு நறுக்கித் தந்தால் பார்க்கலாம் என்கிறார்கள் சிமெண்ட் ஆலைக்காரர்கள். நறுக்கும் கூலிக்கு இரண்டு இடத்தில் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.