திருவொற்றியூர் மணல்ல லேபிரிந்த் போட்டு நடந்து பாக்குறேன், இதுவரைக்கும் நடந்தது

எனக்கு உக்காந்து தியானம் பண்ண வரவே மாட்டேங்குது. கண்ண மூடுனா கால் அரிக்கும், ஆபீஸ் ஞாபகம், இஎம்ஐ ஞாபகம் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். ஆனா கோயில்ல பிரகாரம் சுத்தும்போது மட்டும் மனசு கொஞ்சம் அடங்கும். அதனால நடந்துக்கிட்டே பண்ற தியானம் ஏதாவது இருக்கான்னு தேடுனப்ப கெடச்சது தான் லேபிரிந்த்.

இத நெறைய பேரு புதிர்ப்பாதைன்னு நெனச்சுக்கிறாங்க. இதுல புதிர் ஒண்ணும் கெடையாது, முட்டுச்சந்து கெடையாது, எந்தப் பக்கம் போறதுன்னு யோசிக்க வேண்டியதும் கெடையாது. ஒரே பாதை, வளைஞ்சு வளைஞ்சு நடுவுக்குப் போவும், அதே பாதையில திரும்பி வரணும், அவ்ளோதான். பிரான்ஸ்ல ஷார்த்ர் தேவாலயத்துத் தரையில 13ஆம் நூற்றாண்டுல போட்டது 11 சுத்து, இன்னிக்கும் ஜனங்க நடக்குறாங்க. நம்ம ஊர்லயே கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கல்லு அடுக்கி வச்ச பழைய வட்டங்கள் இருக்கு, ஏழு சுத்துக் கோட்டைன்னு சொல்றாங்க. பொள்ளாச்சி பக்கம் கெடிமேட்டுல இருக்கிறது சதுரம்.

நான் போடுறது 7 சுத்து. கோலம் போடத் தெரிஞ்சவங்களுக்கு ரொம்ப ஈஸி. மொதல்ல ஒரு கூட்டல் குறி, அதோட நாலு மூலையிலயும் ஒரு ‘ட’ மாதிரி மடக்கு, மடக்கோட மூலை கூட்டல் குறியப் பாத்த மாதிரி, அதுக்கு வெளிய மூலைக்கு ஒண்ணா நாலு புள்ளி. அப்புறம் கூட்டல் குறியோட மேல் நுனிய வலது பக்கம் அடுத்த நுனியோட வளைச்சு சேக்கணும், அதுக்கப்புறம் இடது பக்கம் அடுத்த நுனிய வலது பக்கம் அடுத்ததோட சேக்கணும், புள்ளியும் ஒரு நுனி தான், இப்படியே ஒண்ணு மேல ஒண்ணா வளைச்சுக்கிட்டே போனா கடைசி கோடு ஃபுல்லா சுத்தி வந்து கூட்டல் குறியோட அடி நுனியில முடியும்.

எடம் பட்டினத்தார் சமாதியத் தாண்டி கடற்கரைப் பக்கம், கடல் அரிப்பத் தடுக்குற தூண்டில் வளைவுக்குக் கல்லு கொட்டுனதுல நடுவுல மணல் சேந்த ஒரு துண்டு. விடியக்காலையில போனா தான் சரி, எட்டு மணிக்கு மேல கால் வைக்க முடியாது. மொதல்ல கண்ணாடித் துண்டு, வலை நூலு எல்லாம் பொறுக்கிடுவேன், ஏன்னா வெறுங்காலோட நடக்குறதுல தான் விஷயமே இருக்கு. பாதைய ஒரு அடி அகலத்துக்குப் போட்டப்ப கவனம் முழுக்க கோட்ட மிதிக்காம இருக்கிறதுலயே போச்சு. ஒன்றரை அடி ஆக்குனதும் கால் தானா நடக்க ஆரம்பிச்சுது, அதுக்கு குறுக்க 23 அடி எடம் வேணும்.

இப்ப நடக்குற அனுபவம். உள்ள நுழைஞ்சதும் வெளியில இருந்து மூணாவது சுத்துல விடும், அப்புறம் ரெண்டு, ஒண்ணுன்னு வெளிய தள்ளும், நடுவ விட்டு தூரமாப் போறோமேன்னு தோணும். அங்கிருந்து நாலு, நேரா ஏழு. ஏழாவது சுத்து நடுவ ஒட்டி போவுது, கைய நீட்டுனா தொட்டுடலாம், ஆனா வழி அங்க இல்ல, மறுபடி ஆறு, அஞ்சுன்னு வெளிய இழுத்துட்டுப் போயி தான் நடுவுல விடும். பிரகாரம் சுத்தும்போது சாமி எப்பவும் ஒரே தூரத்துல இருக்கும். இதுல கிட்ட வரும், வெலகும், மறுபடி வரும். அப்பா போனதுல இருந்து எனக்கு பக்தியே அப்படித்தான் இருக்கு, சில மாசம் ரொம்ப நெருக்கமா இருக்கும், சில மாசம் வெளக்கு ஏத்தக்கூட கை வராது. அந்த ஏழாவது சுத்துல இருந்து வெளிய திரும்புற எடத்துல ஒரு நாள் அழுதுட்டேன். வெலகிப் போற மாதிரி தெரியுற அந்த சுத்தும் பாதையில தான இருக்கு.

ஒவ்வொரு சுத்து முடியும்போதும் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பணும், கடல் மூஞ்சிக்கு நேரா வரும், அப்புறம் முதுகுக்குப் போவும். அந்தத் திருப்பத்துல ஒரு மூச்சு நிறுத்தி நிதானமா இழுத்து விட்டா யோசனை அறுந்துடுது, உக்காந்திருக்கும்போது எனக்கு இது நடந்ததே இல்ல.

மீன் வாங்கப் போற ஆயா ஒருத்தங்க நின்னு பாத்துட்டு, “இன்னாப்பா இது, கோலமா? உள்ள போனா வெளிய வர வழி கீதா?”ன்னாங்க. “வந்த வழியே தான் ஆயா”ன்னேன். கூடைய எறக்கி வச்சுட்டு அவங்களும் நடந்தாங்க. நடுவுல போயி கடலப் பாத்து கும்புட்டுட்டு, புள்ள போட்ல போயிருக்கான்னாங்க. ஸ்வீடன் கரையோரத்துலயும் இதே மாதிரி கல்லு வட்டம் நெறைய இருக்கு, அந்தக் காலத்துல மீன் பிடிக்கப் போறவங்க நல்ல காத்து அடிக்கணும், நெறைய மீன் கெடைக்கணும்னு அதுல நடந்துட்டுக் கெளம்புவாங்கன்னு அங்க சொல்லுவாங்க. அத ஆயாகிட்ட சொன்னேன், “பின்ன, எந்த ஊரா இருந்தா இன்னா, கடலு ஒண்ணு தான”ன்னாங்க.

அபிமன்யு கதைய வச்சு இது நல்லதில்லன்னு ஒருத்தர் சொன்னாரு. கர்நாடகாவுல ஹளேபீடு கோயில் சிற்பத்துல சக்கரவியூகத்த இந்த வடிவத்துல தான் செதுக்கி இருக்காங்க, உண்மை தான். ஆனா இதுல மாட்டிக்க வழியே இல்லையே, அதனால எனக்கு அந்த பயம் இல்ல.

பௌர்ணமிக்கு வடிவுடையம்மனப் பாத்துட்டு வந்து அம்மாவும் நடக்கணும்னு கேக்குறாங்க. மணல் அவங்க முட்டிக்கு ஆவாது, அதனால மொட்டமாடில போடலாம்னு இருக்கேன். அங்க 7 சுத்துக்கு எடம் பத்தாது, மடக்கு எல்லாத்தையும் விட்டுட்டு கூட்டல் குறியும் நாலு புள்ளியும் மட்டும் வச்சா 3 சுத்து வரும், ரெண்டு அடிப் பாதை வச்சாலும் 15 அடிக்குள்ள அடங்கிடும். கோலமாவுல தான் போடணும்னு அம்மா சொல்லிட்டாங்க, கோடு அவங்களே இழுக்குறாங்களாம்.