ஒன்பதாம் நாளில் வந்த கோரிக்கை

"அடுத்த ஸ்ப்ரிண்டில் பார்ப்போம் தம்பி" என்று, அதாவது எங்கள் மென்பொருள் குழுவின் அடுத்த இரண்டு வார வேலைச் சுற்றில் பார்ப்போம் என்று, அன்று நான் சொன்ன பதில் விதிப்படி சரியானதுதான் என்று இன்றும் என்னால் வாதாட முடியும். யாரும் கேட்காமலேயே அப்படி வாதாடிக்கொண்டிருப்பதுதான் உறுத்துகிறது.

கேட்டது சிறிய விடயம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தின் நிறையைப் பதிய நாங்கள் செய்யும் கருவி அச்சிடும் துண்டில் கழிவு போக மிஞ்சிய நிறை மட்டுமே இருந்தது. மொத்த நிறை, சாக்குக்கும் ஈரத்துக்குமாகக் கழித்தது, மிச்சம் என்று மூன்று வரியாக வர வேண்டும் என்றான் குழுவில் இளையவன். அதற்கு முந்திய நாள் மாலை, ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், அவன் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் துண்டை வாங்கிப் பார்த்து, "மூணு நிறுப்புக்கும் தராசுல இருபது காட்டுச்சே தம்பி, இதுல பதினேழுதானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அத்தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ. பதினேழு என்றால் அரைப்பேர்.

"கடைசி நேரத்துல மாற்றம் வந்தாலும் வரவேற்கணும்னு நீங்கதானே அண்ணே சொல்லிக் குடுத்தீங்க?" என்றான். உண்மைதான். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, மென்பொருளைச் சிறு சிறு கட்டமாகச் செய்வது பற்றி எழுதிய அஜைல் பிரகடனத்துக்குரிய 12 கோட்பாடுகளில் அது இரண்டாவது. நான் ஸ்ப்ரிண்டுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையைத் துணைக்கு அழைத்தேன்: ஸ்ப்ரிண்டின் இலக்கைக் குலைக்கும் மாற்றத்தை இடையில் ஏற்கக்கூடாது. பத்து வேலை நாளில் அது ஒன்பதாவது. சிக்னல் கிடைக்காத மலையில் பதிந்த நிறைகளை இரவில் சேர்வருக்கு அனுப்பும் பகுதி இன்னும் முடியவில்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் புரொடக்ட் ஓனருடன் பேசி வேலையின் எல்லையை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஸ்க்ரமில் உண்டு. அவர் தோட்ட நிர்வாகத்தின் ஆள். கழிவு துண்டில் தெரிவதை விரும்பமாட்டார் என்று நானே ஊகித்துக்கொண்டு, அவரை அழைக்காமலே விட்டேன்.

தேவைகளை முதலிலேயே எழுதி ஒப்பம் வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது என்பார் எங்கள் மூத்த பொறியியலாளர். அந்த ஆவணத்தை எழுதும் மேசைக்குக் கொழுந்தெடுப்பவரை யார் அழைத்திருப்பார்கள் என்று கேட்பேன். இரண்டு வாரத்துக்கொரு முறை செய்ததைக் கொண்டுபோய்க் காட்டும் வழக்கம் இருந்ததால்தான் பையன் மடுவத்தில் நின்றான், அந்தக் கேள்வி எங்கள் காதில் விழுந்தது. முறையின் பலம் அதுவே என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் வாடிக்கையாளருடன் ஒத்துழைப்பு என்று பிரகடனம் சொல்லும்போது, வாடிக்கையாளர் எங்களுக்குப் பணம் தருபவரா, பேரில் பாதியை இழப்பவரா? முதலாமவர் என்றே ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மூன்று வரி அச்சிட்டிருந்தாலும் அன்று அந்த அம்மாவுக்கு முழுப்பேர் விழுந்திராது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் காட்ட ஒரு துண்டாவது கையில் இருந்திருக்கும். கோரிக்கை, செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லொக்கின் அடியில் இன்னும் கிடக்கிறது. முன்னுரிமை குறைவு என்று பதிந்தது நான்தான். ஒன்பதாம் நாளில் நிரலைத் தொட்டிருந்தால் இரவில் தரவு போகாமல் முழுத் தோட்டத்தின் பேரும் பிழையாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அச்சிடும் பகுதிக்கும் தரவை அனுப்பும் பகுதிக்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் வடிவமைத்தவன் நான்.