புகைக்குழாயில் சொட்டும் தண்ணீர்: மலைநாட்டுக் கேஸ் கீசர்களுக்கு

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் சற்று அதிகமாகத் தண்ணீர் பிறக்கிறது. புரொப்பேன், பியூட்டேன் இரண்டிலும் இருக்கிற ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. அந்த நீராவி புகையோடு குழாய் வழியே போகிறது. நிமிடத்துக்கு 6 லீற்றர் தரும் கீசரில் பத்து நிமிடம் குளித்தால் ஏறத்தாழ கால் லீற்றர் தண்ணீர் இப்படி உருவாகிவிடும். கொழும்பில் அதில் பெரும்பகுதி ஆவியாகவே வெளியேறிவிடும். நுவரெலியாவில், விடியற்காலைக் குளிரில், வெளிச்சுவரைத் தாண்டிய குழாயின் உட்புறத்திலேயே அது படிந்து சொட்டத் தொடங்கும். புகையின் வெப்பம் ஏறத்தாழ 50 பாகைக்குக் கீழே இறங்கினாலே போதும்.

அதனால் "கீசர் ஒழுகுது" என்றவுடன் வோஷரை மாற்ற ஓட வேண்டாம். முதலில் எப்போது சொட்டுகிறது என்று பாருங்கள். நெருப்பு எரியும்போது மட்டும், அதுவும் முதல் சில நிமிடங்களில் சொட்டி நின்றுவிட்டால் அது புகைநீர். அணைத்த பிறகும் சொட்டினால் தண்ணீர்க் குழாயிலோ செப்புச் சுருளிலோ ஓட்டை.

புகைநீர் வெறும் தண்ணீர் இல்லை, அமிலம் கலந்தது. சாதாரணக் கீசரின் செப்புத் தகடுகளில் இது நாள்பட நின்றால் பச்சைக் களிம்பு படியும். தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி சில மில்லிமீற்றர்தான். அதைக் களிம்பு அடைத்தால் புகை மேலே ஏறாது. காற்று போதாமல் சுவாலை மஞ்சளாகும். கரி படிந்து மிச்ச இடைவெளியும் அடைபடும். அந்தக் கட்டத்தில் வெளியே வருவது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. நீர் வடியாத கோளாறும் புகை போகாத கோளாறும் பெரும்பாலும் ஒரே கோளாறுதான் என்பது இதனால்தான். சொட்டுவதை ஈரம்தானே என்று விட்டு வைப்பது ஆபத்து.

களிம்பு சேராமல் இருக்க வழி, கீசரைத் தேவையான சூட்டில் ஓட்டுவது. பலர் கேஸை மிச்சம் பிடிக்க நெருப்பைக் குறைத்துத் தண்ணீரை முழுதாகத் திறந்து விடுகிறார்கள். நம் ஊர்த் தண்ணீர் வரும்போதே சில்லென்றிருக்கும். குறைந்த நெருப்பில் செப்புச்சுருள் சூடேறாமலே புகைநீரில் நனைந்து கொண்டிருக்கும். நெருப்பை நடுவில் வைத்து, தண்ணீரின் வேகத்தைக் குறையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, கேஸையும் தண்ணீரையும் மூடி, மின்சாரத்தையோ பற்றரியையோ கழற்றிவிட்டுத் தகடுகளை மெல்லிய பிரஷால் துடைக்கலாம். விடாத களிம்புக்கு நீர் கலந்த வினாகிரி. பிறகு நல்ல தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவிட வேண்டும். பேர்னரின் ஜெட்டையும் கேஸ் வால்வையும் நீங்களாகத் தொட வேண்டாம்.

அடுத்தது குழாயின் சரிவு. தவறு நடப்பது அதிகமாக இங்கேதான். மின்விசிறி வைத்த சாதாரணக் கீசரின் படுக்கைக் குழாய், மீற்றருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வெளிப்பக்கம் சரிய வேண்டும். புகைநீரும் சாரலும் வெளியே போய்விடும். இதே குழாய் உட்பக்கம் சரிந்தால் அமில நீர் நேரே விசிறிக்குள் இறங்கும். கண்டென்சிங் வகைக்கு நேர்மாறு. புகையின் நீராவியிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் அந்த வகையில் நீரைச் சேர்த்து வெளியேற்ற உள்ளேயே ஏற்பாடு இருக்கும். ஆகவே குழாய் மீற்றருக்குக் குறைந்தது 2 செ.மீ., சில தயாரிப்புகளில் 5 செ.மீ. வரை, இயந்திரத்தை நோக்கிச் சரிய வேண்டும். கனடா, அமெரிக்கா வீடுகளின் நிலவறையில் இருக்கும், வீட்டைச் சூடாக்கும் கண்டென்சிங் ஃபேர்னஸும் இந்த முறைதான். ஆனால் அந்த நாட்டு வீடியோவைப் பார்த்துச் சாதாரணக் கீசரை மாட்டினால் சரிவு தலைகீழாகிவிடும். கையேட்டில் எந்த வகை என்று பார்த்து, நீர்மட்டக் கருவி வைத்துச் சரிவைப் பிடியுங்கள். நடுவில் குழாய் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கிப் புகைவழியை அடைக்கும். மீற்றருக்கு ஒரு கிளிப் போட்டால் தொய்யாது.

ஒவ்வொரு எல்போவும் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நேர்க்குழாய்க்குச் சமமாகப் புகையைத் தடுக்கும். இரண்டுக்கு மேல் தேவைப்பட்டால் கீசரின் இடத்தை மாற்றுவதே நல்லது. சாதாரணக் கீசருக்குப் பிவிசி குழாய் போடவே கூடாது. புகையின் சூட்டில் இளகி மூட்டு விடும். எவர்சில்வர் குழாய்தான்.

விசிறி ஓடுகிறது, ஆனால் டிக் டிக் கேட்கவில்லை, பற்றவும் இல்லை என்றால், விசிறி புகையைத் தள்ளுகிறதா என்று பார்க்கும் அழுத்த சுவிட்சைச் சந்தேகியுங்கள். அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு துளி நீர் நின்றாலே போதும், கீசர் பற்றாது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயைச் சுவிட்சிலிருந்து கழற்றி ஊதி மாட்டுங்கள். சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிக் "சரி பண்ணித் தரும்" ஆட்கள் இருக்கிறார்கள். புகை வெளியேறுகிறதா என்று பார்க்கிற ஒரே காவலனை அவர்கள் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சுவிட்ச் நன்றாயிருந்தும் பற்றாவிட்டால் வெளிமுனையைப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் கீசரைப் பற்ற வைக்காமல், கூட்டை அகற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சன்னமான வலை போட்டு அதைத் தடுக்க நினைத்தால் கரியும் ஈரமும் சேர்ந்து வலையே அடைப்பாகும். காற்றும் ஒரு காரணம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று. பதுளை, வெலிமடைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ்க் காற்றும் மழையும். அந்தந்தப் பக்கச் சுவரில் முனையை வைத்தால் காற்று புகையைத் திருப்பித் தள்ளும்.

காற்றுப் படாத இடம் என்று வீட்டின் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம். மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையே கான் வெட்டிய ஒடுங்கிய சந்து இருக்கும். புகை அங்கே தேங்கி, பின் ஜன்னல் வழியாகக் குசினிக்குள் வரும், கீசரே அதைத் திரும்ப இழுக்கும். முனை திறந்த வெளியில், ஜன்னல் கதவிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதே கொள்ளளவு காற்றில் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. வட அமெரிக்கப் பழைய விதி, 2000 அடிக்கு மேலான இடங்களில், கடல் மட்டத்திலிருந்து எண்ணி, ஒவ்வொரு 1000 அடிக்கும் 4 வீதம் எரிவாயுவைக் குறைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் இங்கே கால் பங்கு குறைய வேண்டும். கொழும்பில் நீலமாக எரிந்த கீசர் இங்கே மஞ்சள் நுனி காட்டினால், உயரத்துக்கேற்ப அமைக்கச் சொல்லித் தொழில்நுட்பரிடம் கொடுங்கள். அதுவரை பாவிக்க வேண்டாம்.

கண்டென்சிங் வகையின் வடிகாலுக்கு வருவோம். 20 அல்லது 25 மி.மீ. பிவிசி போதும். அதிலுள்ள ட்ராப்பில், அதாவது புகையை மறிக்க நீர் நிற்கும் வளைவில், எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றினால் அந்த வழியாகப் புகை அறைக்குள் வரும். ஏப்ரல் வசந்த காலம் முடிந்து பூட்டிய விடுதி அறைகளைத் திறக்கும்போது, பற்ற வைக்கும் முன் ட்ராப்பில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். வெளிநாட்டு நூல்கள் வடிகால் உறைவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்கு அது பெரிய கவலை இல்லை. இங்கே அடைப்பது வழுவழுப்பான பாசி. ஆறு மாதத்துக்கொரு முறை கழற்றிக் கழுவுங்கள். வடிநீர் சிமெந்துக் கானை அரிக்கும் என்பதால், வழியில் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பி அதனூடாக விடலாம். தோட்டத்தில் போடும் டொலமைட் தூள் வேண்டாம், குழைந்து அடைத்துவிடும்.

கடைசியாக, ஊதுபத்திச் சோதனை. விசிறி இல்லாத, இயற்கையாகப் புகை ஏறும் கீசருக்கு இது. கதவு ஜன்னலை மூடி, குசினியின் எக்ஸோஸ்ட் விசிறியைப் போட்டு, கீசரைப் பற்ற வைத்து ஐந்து நிமிடம் கழித்து அதன் மேல்வாயருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. முகத்துக்கு நேரே வந்தால் உடனே அணைத்து ஜன்னலைத் திறங்கள். அந்த வகைக் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. குளிருக்காகக் காற்றுத்துளையில் சாக்கைச் செருகும் வழக்கம் உள்ள வீட்டில் எந்த அறையிலும் கூடாது. காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று படுக்கையறைக்கு அருகில் இருக்கட்டும். அதன் உணரிக்கும் ஆயுள் உண்டு, முதுகில் அச்சிட்ட திகதி தாண்டினால் மாற்ற வேண்டும்.