நீர்க்கட்டிக்குச் சம்பளம்

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் என்று கண்மாய்ச் சங்கத் தீர்மானத்தில் எழுதச் சொன்னது நான்தான். கரையைப் பலப்படுத்தி, மடைக்குப் புதுப் பலகை போட்டு, வரத்துக்காலில் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தாகிவிட்டது. மீன்பாசிக் குத்தகைப் பணம் சங்கக் கணக்கில் இருந்தது. அறுவடை முடிந்ததும் களம் களமாகப் போய் நின்று, மரக்கால் நெல்லுக்குக் காத்திருக்கிற மனிதர் அவர். மழை பொய்த்தால் அதுவும் கிடையாது. சிவகங்கைப் பக்கம் மழை பொய்ப்பது புதிதா என்ன?

சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "இப்ப எல்லா வயக்காரரும் நெல்லு அளக்குறாக, எல்லாருக்கும் நான் பொது ஆளு. சங்கம் காசு குடுத்தா நான் யாரு ஆளு சார்?" என்று கேட்டார்.

"சங்கம்னா எல்லாரும்தானே அண்ணே" என்றேன். கூட்டம் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டது.

கண்மாய் நிறைந்தால் மடையை யாரும் திறக்கலாம். பாதி கிடக்கும்போதுதான் நீர்க்கட்டி வேண்டும். முறை வைத்து, ராத்திரி வாய்க்காலை வெட்டிவிடுபவனைத் தடுத்து, கடைமடை வரை தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். பல ஊர்களில் நிலமில்லாதவரைத்தான் இதற்கு வைப்பார்கள். சொந்த வயல் இருந்தால் மண்வெட்டி அந்தப் பக்கமே சாயும். தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தை 2017-இல் அரசு மறுபடி கொண்டுவந்தபோதும் பேச்செல்லாம் தூர், கரை, மடை, மிகுந்த நீர் வழிகிற கலுங்கு பற்றித்தான். பங்கிடுகிற ஆளைப் பற்றி யார் பேசினார்கள்?

அடுத்த மழைக்குக் கண்மாய் பாதிதான் பெருகியது. மேல்மடைக்குக் கூடுதல் முறை போனது. சங்கத் தலைவரின் வயலும் அங்கேதான். கடைமடையில் ஓர் அம்மா, "அவரு என்ன தம்பி செய்வாரு, சம்பளக்காரரு" என்றார்.

மேல்மடைக்காரர்கள் முன்பு மட்டும் அடங்கியா இருந்தார்கள்? அந்த வருசம் களத்தில் அளக்கப் பெரிதாக நெல்லும் இல்லை. சம்பளம் இருந்ததால் அவர் வீட்டில் உலை கொதித்தது. இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது உலையைப் பற்றி அல்லவே.

இப்போது வேறொரு ஊரில் சங்க விதி எழுதுகிறோம். பாதி நெல், பாதி காசு, நெல்லை ஒவ்வொரு வயல்காரரும் நேரில் அளக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நெல்லைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது என்கிறார்கள். அங்குள்ள நீர்க்கட்டியோ முழுக்கக் காசுதான் வேண்டும் என்கிறார்.