ஒரே பெயரில் இரண்டு ‘எடை’

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் துணி குடோனுக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். ஜாவா என்ற புரோகிராமிங் மொழியிலிருந்து பைத்தான் என்ற மொழிக்கு வந்த புதிது.

தராசில் ஏற்றிய ரோலின் எடையை வாங்க ‘எடை’ என்று ஒரு மெத்தட், அதாவது கிளாஸ் என்ற தொகுப்புக்குள் பெயர் வைத்து எழுதிய ஒரு ஃபங்ஷன், இருந்தது. தராசு பழுதானால் கணக்குப் போட்டு எடுக்கலாமே என்று, நீளம், அகலம், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மூன்றையும் கேட்கும் இன்னொரு ‘எடை’யை அதே கிளாஸில் கீழே எழுதினேன். 100 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 180 ஜிஎஸ்எம். 27 கிலோ என்று சரியாக வந்தது. புதியதை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் குடோன் அண்ணனிடமிருந்து போன்.

“ஏனுங் தம்பி, டிசி அடிக்கவே மாட்டேங்குதுங்க. டையிங்குக்குப் போற வண்டி நிக்குதுங்க.”

டிசி என்பது சரக்கோடு போகும் டெலிவரி சலான். தராசில் ரோலை வைத்தாலே புரோகிராம் விழுந்தது. மூன்று மதிப்புகளும் குறைகின்றன என்று டைப்எரர் என்ற பிழைச் செய்தி. ஜாவாவாக இருந்தால், எத்தனை மதிப்பு, என்ன வகை என்று பார்த்து புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலரே சரியான மெத்தடைப் பிடித்திருக்கும். பைத்தானில் ஃபங்ஷன் எழுதத் தொடங்கும் ‘டெஃப்’ என்பது ஒரு பெயரை ஒரு ஃபங்ஷனோடு கட்டுகிற வேலை. ஒரு ரோலில் கட்டிய லாட் சீட்டை அவிழ்த்து இன்னொன்றில் கட்டினதுபோல, மேலே இருந்த ‘எடை’ சத்தமில்லாமல் போய்விட்டது. பிஎச்பி மொழி, இப்படி எழுதினால் ஓடவே மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஒரே பெயரில் பல ஃபங்ஷன்களை வைக்க பைத்தான் 3.4-இல் வந்த சிங்கிள்டிஸ்பாட்ச் வசதியும் இங்கே உதவாது. அது முதல் மதிப்பின் வகையைத்தான் பார்க்கும், எண்ணிக்கையை அல்ல.

‘தராசு_எடை’, ‘கணக்கு_எடை’ என்று பெயரைப் பிரித்தேன். வண்டி கிளம்பியது.

மனசு கேட்காமல் மற்ற ஃபைல்களிலும் தேடினேன். ‘கழிவு’ இரண்டு இருந்தது. முதலாவது, சாயம் போடும்போது குறையும் எடைக்காக (டையிங் பிராசஸ் லாஸ்) 5 சதவீதம் கழிக்கும். பிறகு நான் எழுதியது சதவீதத்தையும் கேட்கும். கொடுக்காவிட்டால் பூஜ்யம் என்று வைத்திருந்தேன். அதனால் அது விழவே இல்லை. மூன்று வாரமாக, எதுவும் கழிக்கப்படாமல், டையிங்காரர் துணியைக் குறைத்துக் கொடுத்ததாகவே ஸ்டேட்மென்ட் காட்டிக்கொண்டிருந்தது. முதலாளி அவரிடம் போனில் சத்தம் போட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஸ்டேட்மென்ட்டுகளைத் திருத்தி எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். படித்துவிட்டு, என் எதிரிலேயே போனை எடுத்தார்.

“அண்ணா, தப்பு எங்க மேலதானுங்க.”